நூறில் இரண்டரை

ஒதீலின் தொண்டையில் கத்தி வைத்து ஏழு வாரம்.
பயிற்சிக்கு வந்தாள். சால்வையைக் கழற்றவில்லை.
முதல் பாட்டின் இரண்டாம் வரியில்,
குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில்,
வாயை மட்டும் திறந்தாள்.
டிரம்ஸ் நின்றது.
"ஒரு முழுச் சுரம் இறக்கிப் பார்ப்போமா?"
உர்ஸ் தன் கோல்களைப் பார்த்துத்தான் கேட்டான்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பீல் நகரம். மாட்ரெட்ச் பக்கம், பள்ளிக்கூடத்துக்கு அடியில்
போருக்கென்று கட்டி, போர் வராமலே போன பதுங்கறை.
கதவு மட்டும் ஒரு முழத் தடிப்பு.
நான் அறிந்த பதுங்குகுழிகளுக்குக் கதவே இருந்ததில்லை.
இங்கே மாத வாடகை அறுபது பிராங், மின்சாரம் தனி.

இறக்கினேன்.
ஒன்பதாம் இலக்கக் கம்பிகள்
அவிழ்ந்த பாவாடை நாடாபோலத் தொளதொளத்தன.
அழுத்தினால் ஒரு சுரம், விட்டால் இன்னொன்று.
ஆறாவது, கித்தாரில் அடித்துக்கொண்டு முனகியது.

சனிக்கிழமை கடையில் ஏஷ்லிமான்
முதலில் ஜெர்மனில் சொன்னார், பிறகு பிரெஞ்சில்.
இரண்டிலும் பதினொன்றுதான்.
"தடித்த கம்பிக்குத்தான் தடித்த ஒலி. விரல் பழகிவிடும்."

பழகிவிடும், அதுதான் பயம்.
வாரத்தில் ஐந்து நாள் இதே இடக்கை விரல்கள்
கைக்கடிகாரத்தின் மயிர்ச்சுருளைத் தொட்டுப் பார்க்கின்றன.
காய்த்த நுனிக்கு
தூசியும் தெரியாது, கோணலும் தெரியாது.
தெரியாமல் விட்டதெல்லாம்
பதினோரு மாதம் கழித்து யாரோ ஒருவர் மணிக்கட்டில்
நாலு நிமிடம் பிந்தும்.

மூன்று பொதி வாங்கினேன். மதிய இடைவேளையில்
தொழிற்சாலை மைக்ரோமீட்டரின் வாய்க்குள்
மெல்லிய கம்பியை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன்.
மில்லிமீட்டரை நூறாகக் கீறினால்
ஒன்பதாம் இலக்கம் இருபத்து மூன்று.
பத்து, இருபத்தைந்தரைக்குக் கொஞ்சம் குறைய.
பதினொன்று, இருபத்தெட்டு.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே
நூறில் இரண்டரை.
என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி வைத்தேன்: ஏழு.
மயிரிழை தப்பினேன் என்கிறோமே, அதில் மூன்றில் ஒரு பங்கு.
இம்மி என்று ஒரு அளவு இருக்கிறது எங்களிடம்,
பிசகக்கூடாது என்று சொல்ல மட்டும் எடுப்போம்.
அதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டுக் கடதாசியில் கணக்குப் போட்டேன்.
சுரம் எந்த விகிதத்தில் இறங்குகிறதோ
அதே விகிதத்தில் கம்பி தடித்தால்
இழுவிசை மாறாது.
ஒன்பதுக்கு ஒரு முழுச் சுரம் இறக்கினால்
விடை பத்தும் சொச்சமும்.
விரலுக்குச் செய்தியே போகாது.
பழைய அழுத்தம், பழைய வளைவு,
ஒலி மட்டும் ஒரு படி கீழே,
ஒதீல் இப்போது நிற்கிற படியில்.

பிரித்த பதினொன்றை ஏஷ்லிமான் திருப்பி எடுக்கவில்லை.
பன்னிரண்டு பிராங் எழுபது போச்சு.

பத்திலும் ஆறாவது முரண்டு பிடித்தது,
பழைய காடிக்குள் இறங்க மாட்டேன் என்று.
ஊசி அரத்தால் நாலு இழுப்பு. ஊதினேன்.
ஐந்தாவது இழுக்கப் பயந்து வைத்துவிட்டேன்.
அரிந்ததை ஒட்ட முடியாது.

வெள்ளி இரவு.
இரண்டாம் வரி வந்தது. ஏறினாள்.
அந்த மேலே இப்போது கொஞ்சம் கீழே,
ஆனாலும் ஏறினாள்.
குரலின் ஓரத்தில் மணல்போல ஒரு சரசரப்பு, புதிது.
உர்ஸுக்குப் பிடித்துவிட்டது.
எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

தேநீர் நேரத்தில் என் கித்தாரை மடியில் போட்டு
ஒரு கம்பியை நசித்துப் பார்த்தாள்.
"மாற்றினாயா?"
"பழையது துருப்பிடித்துவிட்டது."
ம், என்றாள். என் இடக்கையை இழுத்து
நுனி நுனியாகத் தடவினாள்,
பொய்யை அங்கே தேடுகிறவள்போல.

பிறகு மூன்றாவது கம்பி இறங்கியிருக்கிறது என்றாள்.
இறங்கித்தான் இருந்தது.
புதுக்கம்பி. இரண்டு நாளைக்கு இழுபடும்.